பென்சிலில் போட்ட ஓய்வு

பெண்கள் சப்-ஜெயிலில் கூட்டிப் பெருக்குவது என் வேலை. கோட்டூர்புரத்திலிருந்து நடந்தே போவேன். ஒரு நாளும் மட்டம் போட்டதில்லை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கும் டியூட்டி சார்ட் எனக்குப் புரியும். வார்டர் பெண்ணின் பெயருக்கு நேரே ‘ஓ’ என்றிருந்தால் அன்று அவளுக்கு ஓய்வு.

சார்ட்டைப் பென்சிலில்தான் எழுதுவார்கள். ஒருத்தி வேலையை விட்டுப் போனால், இன்னொருத்தியின் ‘ஓ’வை ரப்பரால் அழித்து அங்கே டியூட்டி போடுவார்கள். கொஞ்ச நாளில் அவளும் போய்விடுவாள். அழித்த தூளைக் காலையில் நான் கூட்டி அள்ளுவேன். அள்ளி அள்ளி எனக்கே அலுத்துவிட்டது.

கேட் டியூட்டியில் ஆதம்பாக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் பிள்ளைக்கு மயிலாப்பூரில் காதுகுத்து. மூன்று வாரமாகச் சார்ட்டில் அன்றைக்குப் போட்டிருந்த ‘ஓ’வையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை சுவருக்குக் கீழே தூள் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவளுடைய ‘ஓ’வைக் காணோம்.

அவள் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தாள்.

“இன்னாம்மா அது?”

“ராஜினாமா, ஆயா. எய்தி ஒரு மாசம் ஆவுது. இன்னிக்கி குட்த்துட்டுப் போய்க்கினே இருக்கப்போறேன்.”

“மேடம் வர்ற வரைக்கும் பொறும்மா.”

“பொறுத்து? உள்ள கீறவளுக்காச்சும் வாய்தா தேதின்னு ஒண்ணு கீது. எனக்கு இன்னா கீது?”

மேடம்தான் எங்கள் அதிகாரி; புதிதாக வந்தவர். பெண்கள் ஏன் விட்டுப் போகிறார்கள் என்று மேலிடத்தில் அவரைக் கேட்டார்களாம். எல்லாரிடமும் படிவம் கொடுத்து எழுதச் சொல்லியிருந்தார். எனக்கு யாரும் படிவம் தரவில்லை. முறத்தில் அள்ளிய தூளோடு அவர் மேஜை முன் போய் நின்றேன்.

“என்ன ஆயா, குப்பையக் கொண்டுவந்து காட்டுறீங்க?”

“குப்பை இல்லம்மா. கேட்டாண்ட நிக்கிற பொண்ணோட ஞாயித்துக்கெயமை. அவ பையில ராஜினாமா கீது. பேனாவுல எய்துங்க, அப்பால எவ போறான்னு பாப்போம்.”

“பேனாவுல எழுதிட்டா, ஆள் இல்லாத அன்னிக்கு கேட்டுல யார் நிப்பா?”

“அத்த நீங்கதான் சொல்லணும். அவ நின்னது போதும்.”

அவர் முறத்திலிருந்த தூளைப் பார்த்தார். பிறகு எழுந்து போய், அந்தக் கட்டத்தில் பேனாவால் ‘ஓ’ போட்டார்.

ஞாயிறன்று கேட் சாவி அதிகாரியின் கையில் இருந்தது. சாயங்காலம் அவருக்குக் கால் வீங்கிவிட்டது. “ஒரு நாளைக்கே இப்படியா?” என்றார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

திங்களன்று அந்தப் பெண் வந்தாள். எனக்கு லட்டு கொடுத்தாள். காகிதம் இன்னும் பையில்தான் இருந்தது.

“கியிக்கலியா?”

“அடுத்த மாசச் சார்ட் வரட்டும், ஆயா.”

சரி என்று துடைப்பத்தை எடுத்தேன். சுவருக்குக் கீழே அன்று தூள் இல்லை. வராந்தா முழுக்கப் பாக்கியிருந்தது.