மைக் அக்காவின் தண்ணீர்ப் பெட்டி

என் அக்காவிடம் "உன்னால் முடியாது" என்று மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் தொலைந்தோம். நான் சொல்லித் தொலைத்தவன். இருபத்திரண்டு வருஷமாகக் குழாய் வேலை பார்க்கிறேன், தண்ணீர் எங்கே ஓடும் எங்கே ஒழுகும் என்று எனக்குத் தெரியாதா என்ற திமிரில் சொன்னேன். அந்தத் திமிருக்கு என்ன ஆனது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். அவள் வாயால் கேட்டால் இன்னும் மோசமாக இருக்கும்.

அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசித்தவள். எந்த ரயில் எந்த நடைமேடை, எது தாமதம், யாருடைய பிள்ளை தொலைந்துபோய் அலுவலகத்தில் அழுதுகொண்டிருக்கிறது, எல்லாம் பத்தொன்பது வருஷம் அவள் குரலில்தான் வந்தன. வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் தெருமுனையில் இருப்பவனும் கை கழுவிக்கொண்டு வருவான். அதனால் தெருவில் அவள் பெயரே மைக் அக்கா. பிறகு மெஷின் குரல் வந்தது. ரயில் வந்தாலும் வராவிட்டாலும் அது ஒரே சந்தோஷமாகச் சொன்னது. அக்காவை டிக்கெட் எண்ணும் அறைக்கு மாற்றினார்கள். மறுநாளே வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு வாரம் யாருடனும் பேசவில்லை.

அதற்கப்புறம் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கும் வேலையைப் பிடித்தாள். எங்கள் குடியிருப்பின் படிக்கட்டுக்குக் கீழே உடைந்த நாற்காலி போட்டுவைக்கிற ஓர் இடுக்கு. அதைக் காலி செய்து, சுவரெல்லாம் பழைய மெத்தையை அறுத்து ஒட்டி, ஒரு மேசை, ஒரு மைக், மகன் வேறு ஊருக்குப் போகும்போது விட்டுச்சென்ற கம்ப்யூட்டர் என்று அலுவலகம் ஆக்கிவிட்டாள். கம்ப்யூட்டர், செருப்பு வாங்கினால் தருவார்களே, அந்த அட்டைப்பெட்டி அளவு. அதற்கு மேல் ஒரு விரல் பெரிதாக இருந்தாலும் அங்கே வைக்க இடமில்லை, கதவு சாத்தாது. வெளியே வைக்கலாம் என்றால் அது எல்லோரும் ஏறி இறங்கும் வழி. அங்கே துடைப்பமே ஒரு வாரம் தங்காது.

பிரச்சினை அந்தப் பெட்டிதான். பையன் விளையாட வாங்கியது. வேலை கொடுத்தால் சூடாகும், சூடானால் உள்ளே இருக்கும் குட்டி ஃபேன் கத்த ஆரம்பிக்கும். இரண்டு முறை கம்பெனியிலிருந்து பதிவைத் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை மேனேஜரே எழுதினார். மூன்று பாகம் கொண்ட பெரிய நாவல் ஒன்று வருகிறது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் இரைச்சலே இல்லாத மாதிரிப் பதிவு வர வேண்டும். இல்லையென்றால் அதை மெஷின் குரலுக்குக் கொடுத்துவிடுவோம். இரண்டு வாரம் அவகாசம்.

அக்கா கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். "ஒரு தடவை மெஷினுக்கு எந்திரிச்சு இடம் கொடுத்துட்டேன். மறுபடியும் கொடுக்க நான் என்ன பஸ்லயா உக்காந்திருக்கேன்?" என்றாள்.

கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடைக்காரருக்கு முப்பது வயது இருக்கும். நல்ல மனிதர்தான், ஆனால் கேட்பதற்கு முன்பே பதில் சொல்லும் ஜாதி. ஃபேன் கத்தாமல் இருக்க வேண்டுமென்றால் தண்ணீர் விட்டுக் குளிரவைக்க வேண்டும். சூடாகிற இடத்தில் ஒரு செம்புக் கட்டி, அதன் வழியாகத் தண்ணீர், தண்ணீரைச் சுற்றவைக்க ஒரு பம்ப், சூட்டை வெளியே விட ஒரு ரேடியேட்டர், அதன்மேல் மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேன் ஒன்று. எல்லாம் சொல்லிவிட்டுக் கையை விரித்தார்.

"ரெடிமேடா வர்றது எதுவும் இந்தப் பெட்டிக்குள்ள போகாது மேடம். தனித்தனியா வாங்கி நீங்களே அளவு பார்த்து மாட்டணும். அதெல்லாம் சின்னப் பசங்க பண்ற வேலை. பேசாம பெரிய பெட்டி வாங்கிடுங்க."

"பெரிய பெட்டியை உங்க வீட்லயா வைக்கிறது தம்பி?"

என் வாய் சும்மா இருந்ததா? "அவர் சொல்றது சரிக்கா. கரண்டுக்குப் பக்கத்துல தண்ணி. உன்னால முடியாது" என்றேன். அக்கா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் கடைக்காரரிடம், "ஒவ்வொண்ணோட நீள அகலமும் எழுதிக் கொடுங்க" என்றாள்.

அடுத்த நான்கு நாள் அவள் ஒரு சாமானும் வாங்கவில்லை. பிஸ்கட் டப்பா அட்டையைக் கத்தரித்து, அதே அளவில் மாதிரிக்கு ரேடியேட்டர் செய்தாள், பம்ப் செய்தாள். பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பாள், எடுப்பாள், திருப்பி வைப்பாள். முதலில் ரேடியேட்டரை மாட்டினால் பம்ப் போகவில்லை. பம்பை முதலில் மாட்டினால் டியூபைச் செருகக் கை நுழையவில்லை. எதற்குப் பிறகு எது என்பதில்தான் முழு வேலையும் இருந்தது. கடைசியில் ரேடியேட்டருக்கும் மதர்போர்டுக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் மிஞ்சியது. எனக்கு அது ஒன்றுமே இல்லை. அக்காவோ யாரோ மனை எழுதிக் கொடுத்த மாதிரி சிரித்தாள். அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, வேலைக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்த்து, "வாசிக்கிற வேலை பார்க்கறேன்னு சொல்லிட்டு அட்டை வெட்டிட்டு இருக்கா" என்றார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

சாமான்கள் வந்தன. செவ்வாய்க்கிழமை காலையில் எல்லாவற்றையும் மாட்டிவிட்டாள். இணைப்புகளை எல்லாம் விரலாலேயே திருகி நிறுத்தியிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குக் கை அரித்தது. அவள் டீ போட உள்ளே போனாள். இருபத்திரண்டு வருஷ அனுபவம் சும்மா இருக்குமா? நாலு இணைப்பையும் கழற்றி, திருகு மரையில் ஒழுகாமலிருக்க டேப் சுற்றி, ஸ்பேனரை எடுத்து, நம் வழக்கப்படி கடைசியாக ஒரு அரைச் சுற்று அதிகமாகவே முறுக்கினேன். நான்காவதில் டிக்கென்று ஒரு சத்தம்.

சத்தம் கேட்டு அக்கா வந்தாள். பம்பின் மூடி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். அதில் தலைமுடி மாதிரி வெள்ளையாக ஒரு கோடு ஓடியிருந்தது.

"ஏண்டா, இதுக்குள்ள ரப்பர் வளையம் இருக்கு, அதுதான் அடைக்கும், டேப் வேணாம், கையால திருகினா போதும்னு காகிதத்துல எழுதியிருக்கு. படிச்சியா?"

"குழாய் வேலைக்கு யாருக்கா காகிதம் படிப்பாங்க?"

"படிக்க மாட்டீங்க. அதான் ஊரெல்லாம் ஒழுகுது."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. நான் சொன்ன "முடியாது"வை நானே நடத்திக்காட்டிவிட்டேன். அவள் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. மைக்குக்கு முன்னால் போய் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அந்தப் பேசாத ஒரு வாரம் திரும்பி வந்துவிட்டது என்றே நினைத்தேன். அவளோ எழுந்து செருப்பை மாட்டினாள். "வா" என்றாள்.

கடைக்காரர் உடைந்த பம்பைப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார். "இது வர்றதுக்குப் பத்து நாள் ஆகும் மேடம்."

கடையின் கண்ணாடி அலமாரியில் அலங்காரத்துக்காக ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். உள்ளே நீலத் தண்ணீர் ஓடும், விளக்கு மினுங்கும். அக்கா அதைச் சுட்டிக் காட்டினாள். "அதுல இருக்கறது இதே பம்ப்தானே?"

"ஐயோ, அது விக்கிறதுக்கு இல்ல. பார்வைக்கு."

"விலையைச் சொல்லுங்க."

"மேடம், சொன்னாப் புரிஞ்சுக்குங்க. அது இருந்தாத்தான் ஆளுங்க உள்ளயே வராங்க."

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அக்கா தொண்டையைச் செருமினாள். எனக்குப் புரிந்துவிட்டது. கதவுப் பக்கம் ஒதுங்கினேன்.

"வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு!" அத்தனை தலைகளும் நிமிர்ந்தன. எதிர்த்த பேக்கரியில் ஒருவர் ரொட்டியோடு வெளியே வந்து நின்றார். "இந்தக் கடையில் உள்ள பொருட்கள் பார்ப்பதற்கு மட்டுமே! வாங்க விரும்புவோர் பத்து நாட்கள் காத்திருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்! ஏற்படும் சிரமத்திற்கு வருந்துகிறோம்!"

அது வெறும் சத்தமில்லை, பத்தொன்பது வருஷம் ஊரையே ஓடவைத்த குரல். கடைக்காரர் முகத்தில் ஈ ஆடவில்லை. அவள் இரண்டாவது தடவைக்கு மூச்சை இழுப்பதற்குள் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு அலமாரியைத் திறந்துவிட்டார். நீலத் தண்ணீரை ஒரு வாளியில் வடித்து, பம்பைத் துடைத்துக் கையில் கொடுத்தார். "மாட்டி முடிச்சிட்டு ஒரு போட்டோ அனுப்புங்க மேடம்" என்றும் சொன்னார். கோபத்தில்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை, நிஜமாகவே கேட்டார்.

புதனன்று மறுபடி முதலிலிருந்து மாட்டினாள். என் ஸ்பேனரை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். என்னைக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னாள். நின்றேன். தண்ணீர் ஊற்றும் முன்னால் வெறும் காற்றை அடைத்துப் பார்க்க வேண்டும் என்றாள். சைக்கிள் பம்பில் காற்றை ஏற்றி, அழுத்தம் காட்டும் மானியின் முள் எங்கே நிற்கிறது என்று பென்சிலால் கோடு போட்டுவிட்டு நாள் முழுக்கக் காத்திருந்தோம். முள் அசையவில்லை. விரலால் திருகியதுதான். எனக்கு வயிற்றெரிச்சலாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

வியாழனன்று தண்ணீர். நான் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். "குழாய்த் தண்ணி ஊத்தினா ஆறே மாசத்துல உப்புப் படிஞ்சு அடைச்சுக்கும், உனக்குத் தெரியாதா?" என்று திருப்பி அனுப்பிவிட்டுக் காய்ச்சி வடித்த தண்ணீர் புட்டியைத் திறந்தாள். மதர்போர்டின் ஒயரை எல்லாம் பிடுங்கிவிட்டு, பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தாள். சுற்றிலும் வெள்ளைக் காகிதம் பரப்பியிருந்தாள், ஒரு சொட்டு விழுந்தாலும் தெரிந்துவிடும். தண்ணீர் ஓடியது. உள்ளே மாட்டிக்கொண்ட காற்று கடகடவென்று சத்தம் போட்டது. பால் குடித்த குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பார்களே, அப்படிப் பெட்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துச் சாய்த்துக் காற்றை வெளியேற்றினாள். சாயங்காலம் வரை காகிதம் காய்ந்தே கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஐந்து பக்கம் வாசித்துப் பதிவு செய்து பத்து மணிக்கே அனுப்பிவிட்டாள். நான் கேட்டேன். அவள் குரலுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. ஒரு ஈ மூச்சு விட்டிருந்தால்கூடக் கேட்டிருக்கும்.

மதியம் பதில் வந்தது. "தங்கள் பதிவில் எவ்விதப் பின்னணி ஒலியும் இல்லை. இரண்டு வாரத்தில் இப்படி மாறியிருப்பது வியப்பளிக்கிறது. இது மெஷின் குரலா என்ற ஐயம் எழுந்துள்ளது. தாங்களே வாசித்தீர்கள் என்பதை நிரூபிக்கவும்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "விலாசத்தைக் கொடுக்கா, நேர்ல போய் நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்" என்று சட்டையை மாட்டினேன். அக்கா என் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். மைக்கை இழுத்து, புதிதாகப் பதிவு செய்யத் தொடங்கினாள். இந்தத் தடவை அறிவிப்புக் குரல் இல்லை. எங்களைத் திட்டுகிற வீட்டுக் குரல்.

"நான் மனுஷிதாங்க. பத்தொன்பது வருஷம் பேசின என்னை ஒரு மெஷினுக்காக எழுப்பி விட்டாங்க. அன்னைக்கு அந்த மெஷினைப் பார்த்து, 'நீ யாரு, நிரூபி'ன்னு ஒருத்தரும் கேக்கல. என்னைக் கேக்கறீங்க. சத்தம் வந்தா ஆகாதுன்னீங்க. வரலன்னா நம்ப மாட்டேங்கறீங்க. நான் ஒண்ணும் நிரூபிக்கப் போறதில்ல. சந்தேகம் யாருக்கு இருக்கோ அவங்க நேர்ல வாங்க. படிக்கட்டுக்குக் கீழதான் என் ஆபீஸ். கதவு குட்டை, குனிஞ்சுதான் வரணும்."

ஒரு வார்த்தையும் வெட்டாமல் அனுப்பினாள். வேலை போயிற்று என்றுதான் நான் நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்தாள். "போனாப் போகட்டும். பேசிட்டேன்ல" என்றாள். சொன்னாளே தவிர, சனி ஞாயிறு இரண்டு நாளும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை மேனேஜரே வந்து நின்றார். ஆறடி ஆள், நெஞ்சோடு கனமான மூன்று புத்தகங்கள். முதலில் தலையை இடித்துக்கொண்டார், பிறகு நன்றாகக் குனிந்து உள்ளே வந்தார். வெளியே நின்று எட்டிப் பார்த்தேன், மூன்றாவது ஆளுக்கு அங்கே இடமில்லை. அவர் மெத்தைச் சுவரைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், மேசையோரத்துப் பெட்டியையும் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இந்தப் பெட்டியை ஆன் பண்ணி, என் முன்னாடி ஒரு பக்கம் படிச்சிட்டீங்கன்னா போதும்."

அக்கா முதல் பாகத்தை அவர் கையிலிருந்து வாங்கிப் பிரித்தாள்.

"அது காலையில இருந்து ஓடிட்டுதாங்க இருக்கு" என்றாள்.