மெலெகினின் ஆதார சுருதி

செராஃபிமா இக்னாத்தியெவ்னா எங்கள் வோல்கா கரை இசைப்பள்ளியில் பத்தொன்பது வருஷம் ஹார்மனி, அதாவது ஸ்வரக்கூட்டு இலக்கணம், நடத்தியவர். நான் அதே பள்ளியில் பியானோ வாசிப்பவள். குடியிருப்பில் எங்களுக்கு ஒரே சமையலறை. உருளைக்கிழங்கு உரிக்கும்போதும் அவருக்கு அதே பேச்சுதான்.

"எந்த ஸ்வரக்கூட்டா இருந்தாலும் மூணே வேலைதான், கிளாஷா. ஒண்ணு வீட்ல, அதான் ஆதார சுருதியில, இருக்கும், இல்ல வெளியே கிளம்பும், இல்ல வீடு திரும்பத் தவிக்கும்."

1949 ஏப்ரலில், ஆற்றில் பனி உடைந்த வாரம், பள்ளி இயக்குநர் அவெர்யான் ஃபொமிச் அவரைக் கூப்பிட்டனுப்பினார். எங்கள் பள்ளி ஆசிரியர்களில் ஒருவரான ரோடியோன் மெலெகின் நாலு நரம்புக் கருவிகளுக்கு ஒரு இசை எழுதியிருந்தார். ஆதார சுருதியே இல்லாத இசை மக்களுக்கு விரோதமானது என்று மாஸ்கோவிலிருந்து வசவு விழுந்துகொண்டிருந்த சமயம் அது.

"இதுல சுருதி கிடையாதுன்னு எழுதிக் குடுங்க. ரெண்டு பக்கம் போதும்" என்றார் இயக்குநர்.

"பார்க்காம எப்படி எழுதறது?"

"எல்லாரும் பார்க்காமத்தான் எழுதறாங்க, செராஃபிமா இக்னாத்தியெவ்னா. நீங்க மட்டும் கண்ணைக் கெடுத்துக்கப் போறீங்களாக்கும்!"

அவர் பார்த்தார். பதினோரு நாள் சமையல் மேஜை முழுக்கத் தாள்கள். முட்டைக்கோஸ் சூப்பை நான் நின்றுகொண்டே குடித்தேன். பன்னிரண்டாம் நாள் காலையில் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"வீடு இருக்கு, கிளாஷா! அடிக்குரல்ல போற செல்லோவைப் பாரு. நாலு தாளக்கட்டுக்கு ஒரு ஸ்வரம், எட்டு தாளக்கட்டுக்கு ஒண்ணுன்னு இழுக்கறான். அத்தனையையும் கோத்தா ஒரு பாட்டு வருது. சுத்தமான டி மைனர் சுருதி. மேல நடக்கற கூச்சலெல்லாம் வெறும் பூவேலை. இனி இவனை யாரும் தொட முடியாது."

செய்தி மெலெகின் காதுக்கும் எட்டியது. அன்று மத்தியானமே வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை.

"சுருதி இல்லைன்னே எழுதிடுங்க."

"பைத்தியமா உங்களுக்கு? வேலை போயிடும்!"

"போகட்டும்."

"நீங்க எழுதினதுதானே? உங்களுக்கே வெட்கமா இருக்கா?"

அவர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "கெஞ்சிக் கேட்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பயந்தாங்கொள்ளி என்று செராஃபிமா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று அப்போது தெரியாது.

செராஃபிமாவின் ஒன்பது பக்க அறிக்கை ஆசிரியர் கூட்டத்தில் படிக்கப்பட்டது. கோத்தெடுத்த பாட்டைக் கடைசிப் பக்கத்தில் தனி வரியாக எழுதியிருந்தார். மாவட்டத்திலிருந்து வந்த க்ரூதிகின் என்ற அதிகாரி, மெல்லிய குரல்காரர், அந்தப் பக்கத்தை என்னிடம் நீட்டினார்.

"இதை மட்டும் வாசிச்சுக் காட்டுங்க, தோழர்."

வாசித்தேன். முடித்தபின் ஜன்னலுக்கு வெளியே ஆற்றில் கடைசிப் பனிக்கட்டிகள் உரசுவது கேட்டது.

"இதை நான் கேட்டிருக்கேன்" என்றார் க்ரூதிகின். "நாப்பத்தொண்ணு செப்டம்பர். யுத்தம் வந்ததும் அக்கரை ஜெர்மன் கிராமத்து ஜனங்களைக் கஜகஸ்தானுக்கு நாடுகடத்தி ஏத்தி அனுப்பறப்போ நான் படகுத்துறையில காவல் நின்னேன். கிழவிங்க இதைப் பாடிக்கிட்டேதான் ஏறினாங்க. மாலை நேரத்து ஜெபப்பாட்டு." பிறகு திரும்பினார். "உங்க அம்மா பேரு என்ன, மெலெகின்?"

மெலெகின் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். செராஃபிமா எழுந்து நின்றார்.

ஐந்தாம் நாள் மெலெகினைக் கைது செய்து, அவர் அறைக்கு முத்திரை வைத்தார்கள். ஜெர்மன்காரர் என்பதை மறைத்து, போலித் தாள்களோடு எட்டு வருஷம் ஒளிந்திருந்தாராம். செராஃபிமாவின் அறிக்கையை 'விரோதியைக் கண்டுபிடித்த விழிப்புக்கு முன்மாதிரி' என்று சுவர்ப் பத்திரிகையில் ஒட்டினார்கள். பட்டப்பகலில், மாணவர்கள் பார்க்க, அவர் அதைக் கிழித்தார். இயக்குநர் அதன் புதுப் பிரதி ஒன்றை ஒட்டச் சொன்னார்.

அதன்பின் செராஃபிமா மாஸ்கோவுக்கு மூன்று மனு போட்டார். மூன்றிலும் ஒரே வாசகம்: நான் தவறாக ஆராய்ந்துவிட்டேன், அந்த இசையில் சுருதியும் இல்லை, பாட்டும் இல்லை. தன் வாழ்நாளில் அவர் எழுதிய முதல் பொய்.

நவம்பரில் பதில் வந்தது. உறையை அவர் என்னிடம் நீட்டினார், நான்தான் பிரித்தேன்.

"தங்கள் ஆய்வு நிபுணர்களால் மறுபடி சரிபார்க்கப்பட்டது. அதில் பிழை ஏதுமில்லை."