வெடிமருந்து மேசை

விட்பி நகருக்கு அப்பால், பறக்கவிடும் களிமண் தட்டுகளைத் துவக்கால் சுட்டுப் பழகும் மைதானத்தில் எனக்கு ஒரு அண்ணையைத் தெரியும். மூக்கில் ஒரு கண்ணாடி, கழுத்தில் இன்னொன்று. மற்றவர்கள் சுட்டுப்போட்ட வெற்றுத் தோட்டாக்களையும் குனிந்து பொறுக்கிக்கொண்டு போவார். அவர் வீட்டிலேயே அவற்றில் மறுபடி வெடிமருந்து நிரப்புவதுபோல எனக்கும் பழக்கிவிடச் சொல்லிக் கேட்டேன். தன் பேஸ்மென்டுக்குக் கூட்டிப்போனார். மேசைக்கு மேலே ஒரு மட்டையில் பெரிதாக எழுதியிருந்தது: ‘மருந்து அளக்கேக்கை கதைக்காதை.’

“வீட்டிலை வேறை ஆர் அண்ணை இருக்கினம்?”

“ஒருத்தருமில்லை.”

“அப்ப உது ஆருக்கு?”

“எனக்குத்தான். தொடங்கினனெண்டா நிப்பாட்டமாட்டன். அளவு பிழைச்சுப்போம்.”

பிறகு தராசை இழுத்து வைத்தார். முதல் தோட்டாவை நிரப்பி மூடுவதற்குள், அவர் மூன்றுதரம் ஏதோ சொல்லப்போவதுபோல என்னைப் பார்த்தார். மூன்றுதரமும் நிமிர்ந்து அந்த மட்டையைப் பார்த்துக்கொண்டார்.