காரணம் கேட்கும் கட்டம்

இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்ட மருந்தகத்தில் தாதியாக இருக்கும் நான், நாற்பத்தெட்டு வயதில் சுகாதாரத் தகவலியல் படிக்கத் தொடங்கினேன். ஞாயிறு காலையில் இணையவழி வகுப்பு. வீட்டில் சிக்னல் இல்லாததால் மருந்தகத்தில் உட்கார்ந்து படிப்பேன்.

அன்றைய பாடம், காயங்களைக் கணினியில் பதிவது. தலையில் வெட்டு என்று மட்டும் பதிந்தால் போதாது. எதனால் என்ற கட்டத்தையும் நிரப்ப வேண்டும். விழுந்ததற்கு ஒரு குறியீடு, பிறர் தாக்கியதற்கு வேறொன்று. எங்கள் தோட்டத்தில் புருஷனிடம் அடிபட்டவள் எவளும் அப்படிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. மழைக்காலமானால் கானில், அதாவது மழைநீர் ஓடும் வடிகாலில், விழுந்திருப்பாள், வெயில்காலமானால் படியில்.

பாதி வகுப்பில் கதவைத் தள்ளிக்கொண்டு, மேல் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி உள்ளே வந்து சரிந்தாள். புருவம் பிளந்து ரத்தம் ஒரு கண்ணை மூடியிருந்தது. முன்பற்கள் இரண்டு இல்லை. பின்னாலேயே புருஷன், கையில் விறகுக்கட்டையோடு.

"கான்ல விழுந்துட்டா மிஸ்ஸி. தச்சு விடுங்க, கூட்டிட்டுப் போறேன்."

"கட்டைய வெளிய போட்டுட்டு வாங்க."

"இது அடுப்புக்கு."

காயத்தை அழுத்தினேன். கன்ன எலும்பு என் விரலுக்கடியில் அசைந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். விழுந்தவளாகப் போனால் ஆஸ்பத்திரியில் தைத்து அவனோடுதான் திருப்பி அனுப்புவார்கள். தாக்கப்பட்டவளாகப் போனால் பொலிஸ் வந்து விசாரிக்கும். அதை அவள்தான் சொல்ல வேண்டும்.

"யாரு அடிச்சது? நீ சொன்னாத்தான் நான் பதியலாம்."

"சொல்லேன்டி, மிஸ்ஸி படிக்கிறாங்கல்ல" என்று அவன் சிரித்தான்.

"இவருதான். நேத்து பிள்ளைய அடிச்சாரு, இன்னைக்கி என்னைய. எழுதுங்க."

கட்டை முதலில் மடிக்கணினியில் இறங்கியது. விரிவுரையாளரின் குரல் நின்றது. அடுத்த அடி அவள் தலைக்கு வந்தது. கையைக் குறுக்கே கொடுத்தேன். என் முன்கை எலும்பு முறியும் சத்தம் எனக்கே கேட்டது. அவன் மறுபடி ஓங்கியபோது அவள் சேலைன் தொங்கவிடும் இரும்புக் கம்பத்தைப் பிடுங்கி அவன் முழங்காலில் அடித்தாள். விழுந்தவனை மறுபடியும் அடித்தாள். அவன் அலறி ஓயும்வரை நிறுத்தவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. சாரதி அவனைத்தான் முதலில் தூக்கப் போனார்.

"அவர ஏத்துனா நான் ஏறமாட்டேன்ணே" என்றாள் அவள்.

"கால் ஒடஞ்சு கெடக்குதேம்மா."

"தோட்டத்து லொறி இருக்குல்ல?"

முறிந்த கையோடு நான் அவளுடன் ஆம்புலன்ஸில் ஏறினேன். அவன் லொறியில்தான் வந்தான். ஆஸ்பத்திரிப் பொலிஸிடம் அவளே எல்லாவற்றையும் சொன்னாள், கம்பத்தால் தான் அடித்ததையும் சேர்த்து. பிள்ளையை அன்று மாலையே அவளுடைய தங்கை மஸ்கெலியாவுக்குக் கூட்டிப் போனாள். முகக்கட்டுப் பிரித்ததும் அவளும் அங்கேதான் போனாள்.