சாக்குத் திரைக்கு அந்தப் பக்கம்

செல்லப்பன் வாத்தியார் அவித்த மரவள்ளிக்கிழங்கை வெட்டினால் கடைசித் துண்டுதான் அவருக்கு. அதற்கு முந்திய துண்டு மகள் செல்வராணிக்கு. "வெட்டுறவன் மொதல்ல எடுத்தா கத்தி கோணிக்கும்லா" என்று சிரிப்பார். மலாயாவில், குளுவாங் டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த ரப்பர் தோட்டத்தில், ஜப்பான்காரன் வந்த பிறகு அரிசி கண்ணில் படுவதே அபூர்வம். கிழங்குத் துண்டின் பருமனுக்கே அடிதடி நடக்கும். ஆனால் அவர் வெட்டிக் கொடுத்ததற்கு யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை.

ஆள் ஒல்லி. இருப்பது ஒரே வேட்டி, அதிலும் பாதி ஒட்டு. சுண்ணக்கட்டி தீர்ந்துபோனதால் காய்ந்த கிழங்குத் துண்டால் கரும்பலகையில் எழுதுவார். யாரைத் திட்டினாலும் மரியாதை போட்டுத்தான் திட்டுவார். "அறிவு இருக்காங்க ஒங்களுக்கு?" என்று ஏழு வயதுப் பயலைக் கேட்பார். காலையில் ஜப்பான் பாட்டுப் பாடும்போது மட்டும் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று வாயசைப்பதோடு சரி.

தோட்டத்துக் கிராணி ராஜசேகரனுக்கு அவரைக் கண்டால் இளக்காரம். ஆபீசில் கணக்கெழுதும் அவரைப் பொறுத்தவரை வாத்தியார் பிழைக்கத் தெரியாத மனிதர்.

அந்த வருஷம், குளுவாங்கிலிருந்த ஜப்பான் பள்ளிக்குத் தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளையை அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. ஒரே பிள்ளை. போகிற பிள்ளைக்கு அங்கேயே தங்கல், மூன்று வேளைச் சோறு, காய்ச்சலுக்கு மருந்து. போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஆள் பிடிக்கிறவர்கள் அந்தப் பள்ளிப் பிள்ளைகளைத் தொடுவதில்லை என்றும் பேச்சு. ராஜசேகரனின் மகன் வேலுவுக்கு மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. தகப்பனுக்குத் தூக்கம் போயிற்று. தேர்ந்தெடுக்கிறவர் வாத்தியார், அவர் மகளும் தேர்வில் இருக்கிறாள், அப்புறம் என்ன தேர்வு வேண்டிக்கிடக்கிறது என்று மனைவியிடம் பொருமித் தீர்த்தார்.

தேர்வு எட்டு மணிக்கு. ஜப்பான்காரன் எல்லாக் கடிகாரங்களையும் டோக்கியோ நேரத்துக்குத் தள்ளி வைத்திருந்ததால் அந்த எட்டு, தோட்டத்துக்கு விடியற்காலை. சாட்சியாக உட்கார வந்த ராஜசேகரன் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

"எட்டாச்சு வாத்தியாரே. தொடங்கிடலாம்லா?"

"ஒங்க கடியாரத்துல எட்டு, கிராணியாரே. கூலி லயத்துப் புள்ளைங்க ஆத்தாகூட ரப்பர் மர நிரையில பால் வடியிற மங்கு தொடச்சிக்கிட்டு நிக்கிதுங்க. அதுங்களுக்கும் எட்டு ஆவட்டும்."

"ஜப்பான்காரன் கேள்விப்பட்டா அறைவானே!"

"கன்னம் என்னுதுதானே. நீங்க ஏன் தடவிக்கிறீங்க?"

பால்வெட்டு முடிந்து பிள்ளைகள் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. முதலில் எல்லாருக்கும் கிழங்கு. பிறகு வகுப்பின் குறுக்கே, கோணிச்சாக்குகளைச் சேர்த்துத் தைத்த திரையை வாத்தியார் இழுத்துக் கட்டினார்.

"மூஞ்சியப் பாத்தா எனக்குப் பாசம் வந்துரும். கொரலக் கேட்டாலும் வந்துரும். யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

பால் டின், கொட்டாங்கச்சி, மூங்கில், மண்வெட்டித் தகடு என்று ஆளுக்கொன்றைப் பிள்ளைகளே எடுத்துக்கொண்டார்கள். வாத்தியார் திரைக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒவ்வொரு ஓசைக்கும் ஒரு கணக்குச் சொல்வார். விடையைத் தட்டிக் காட்ட வேண்டும். தப்பினால் வெளியே. ராஜசேகரனுக்குப் பிள்ளைகள் பக்கம் நாற்காலி.

தகடு முதலிலேயே போயிற்று. வேலுவின் கையில் பால் டின். கணக்கைக் கேட்டதும் பையன் திருதிருவென்று விழித்தான். விடை ஏழு என்று தகப்பனுக்குத் தெரியும். மகனின் முதுகு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. விரலும் எழுந்தது. அப்போது சாக்கின் கிழிசல் வழியே வாத்தியாரின் பிடரி கண்ணில் பட்டது. எந்த ஓசை தன் மகள் என்று தெரியாமல், வேர்த்துக் கொட்ட அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். கிராணியின் விரல் மடங்கிக்கொண்டது. வேலு ஆறு தட்டினான்.

"பால் டின்னு, எந்திரிச்சுப் போங்க. பரவால்ல."

கடைசியில் மிஞ்சியவை இரண்டு. மூங்கில் வைத்திருந்தவள் பால்வெட்டுக்காரி அங்கம்மாவின் மகள் ராஜம்மா. தலைமுடியில் ரப்பர் பால் ஒட்டிக் காய்ந்திருந்தது. கொட்டாங்கச்சி செல்வராணி கையில்.

"கொட்டாங்கச்சி, அறுபத்து மூணு கெழங்கு, ஏழு வீடு. வீட்டுக்கு எத்தன?"

செல்வராணி எட்டு தட்டினாள். இன்னும் ஒன்று வராதா என்று ராஜசேகரனே காத்திருந்தார். வரவில்லை.

"கொட்டாங்கச்சி, எந்திரிச்சுப் போங்க. பரவால்ல."

எல்லாரிடமும் சொன்ன அதே குரல். அந்தப் பெண் 'அப்பா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொட்டாங்கச்சியைச் சத்தமில்லாமல் தரையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். இப்படியும் ஒரு மனுஷன், இப்படியும் ஒரு மகள்! ராஜசேகரன் தன்னை அறியாமல் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். மூங்கில் தன் கணக்கைச் சரியாகத் தட்டி முடித்ததும் வாத்தியார் திரையை அவிழ்த்தார்.

மூங்கிலோடு நின்ற ராஜம்மாவைப் பார்த்தார். வாசற்படியில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார்.

"டவுன் பள்ளியில வெறுங்காலோட உள்ள விடமாட்டாங்க" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

செல்வராணி மூக்கை உறிஞ்சிக்கொண்டே தன் கான்வாஸ் சப்பாத்தைக் கழற்றி நீட்டினாள். வாத்தியார் அதன் நுனியில் தேங்காய் நாரை அடைத்து, மண்தரையில் மண்டியிட்டு, ராஜம்மாவின் சேறு படிந்த காலைத் தூக்கித் தன் ஒற்றை வேட்டியின் மேல் வைத்துக்கொண்டு கயிற்றைக் கட்டத் தொடங்கினார்.