ஆறுமுகத்தை வில்லனாக்கிய கதை

நேற்று டிவியில் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. மருமகள் வெங்காயம் உரித்துக்கொண்டே அதில் வரும் வில்லனைத் திட்டினாள். அதோடு விட்டிருக்கலாம். "நம்ம பின்னூட்டுக்குப் புதுசாக் குடி வந்தவனுக்கும் இதே திருட்டு முழிதானுங்க அத்தை. மூஞ்சியே சொல்லுதே" என்றாள். கண்டிக்க வாயெடுத்தேன். எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று மூடிக்கொண்டேன்.

அறுபதுகளில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மடிப்பு வேலை பார்த்தேன். வெளுத்து வந்த துணிக்கு அப்போது ஒரு வாசம் உண்டு, சலவைக் காரமும் வெயிலும் கலந்த வாசம். இப்போது வாங்குகிற பனியனையும் மோந்து பார்க்கிறேன், கிடைப்பதில்லை. நொய்யல் ஆற்றங்கரையில்தான் எல்லாக் கம்பெனித் துணியும் வெளுக்கும். கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு மூட்டைத் துணியிலும் சிவப்பு நூலால் கம்பெனிக் குறி தைத்து அனுப்புவோம். குறி தைப்பதும் என் வேலைதான்.

ஆனால் என் பெருமையெல்லாம் சினிமாக் கதை சொல்வதில். வேலம்பாளையம் டென்ட் கொட்டகையில் படம் மாறினால் நான் மணலில் முதல் ஆளாக உட்கார்ந்திருப்பேன். மறுநாள் கை துணியில் இருக்கும், வாய் படத்தில் இருக்கும். "அப்புறம் என்னாச்சுங்கக்கா?" என்று சுற்றியிருக்கும் பெண்கள் கேட்கக் கேட்க எனக்குத் தலைகால் புரியாது.

அப்போதுதான் மெஷின் ஓட்ட ஆறுமுகம் வந்து சேர்ந்தார். கன்னத்தில் தழும்பு, அதிகம் பேசமாட்டார். அவருக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தத் தழும்பு போதாதா எனக்கு? "அச்சு அசல் வில்லன்" என்று சொல்லி, அவர் நடையை நடித்தும் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு வாரத்தில், வெளுக்க அனுப்பக் குடோனில் வைத்திருந்த துணி மூட்டை ஒன்று காணாமல் போனது. முதலாளி விசாரித்தார். ஆறுமுகம் குடோன் பக்கம் நின்று பீடி பற்ற வைத்ததை நான் பார்த்திருந்தேன். பார்த்தது அவ்வளவுதான். சொன்னதோ, சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு பதுங்கிப் பதுங்கிப் போனார் என்று. படத்தில் அப்படித்தான் போவார்கள். சொல்லும்போது எனக்கே நிஜமாகத்தான் தெரிந்தது.

ஆறுமுகம் என்னிடம் வந்து கேட்டார். "அம்மிணி, நீங்க நெசமாவே பார்த்தீங்களா?"

"பார்த்தனுங்க" என்றேன்.

அன்றே அவரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து அந்த மூட்டை சலவைப் பட்டறை மூலையில் கிடைத்தது. குறி இல்லாததால் யார் துணியென்று தெரியாமல் போட்டு வைத்திருக்கிறார்கள். கதை சொல்லும் மும்முரத்தில் நான்தான் தைக்க மறந்திருக்கிறேன். "நூல் அறுந்திருக்குமுங்க" என்று முதலாளியிடம் சாதித்தேன். ஆறுமுகத்தைத் தேடி யாரும் போகவில்லை. நானும் போகவில்லை. பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல?

டென்ட் கொட்டகை இருந்த இடத்தில் இன்று வரிசையாகத் தையல் யூனிட்கள். ஆற்றங்கரையில் வெள்ளை வெளேரென்று காய்ந்த துணி கிடையாது. குளிக்கிற மாதிரி ஆறும் கிடையாது. ஆறுமுகத்தின் முகத்தையாவது நினைவில் கொண்டுவந்து, மனதுக்குள்ளே ஒரு மன்னிப்புக் கேட்கலாம் என்று கண்ணை மூடுகிறேன். ஒவ்வொரு முறையும் அந்தச் சினிமா வில்லன்தான் வந்து நிற்கிறான்.