மாவட்டத்தின் கையில் மடித்தபடி இருந்த கொடி

பாக்கியம் அக்கா போய்விட்டார்… நேற்று விடிகாலை, சாயல்குடி வீட்டில். மாரடைப்பு.

கட்சிக்காரர்களுக்கு அவர் ‘முன்னாள்’ மகளிரணி ஒன்றியச் செயலாளர். அந்த ‘முன்னாள்’ எப்படி வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

துக்க வீட்டில் கோபம் கூடாது என்பார்கள். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. உள்ளே தேடிப் பார்த்தால் கோபம் மட்டும்தான் இருக்கிறது.

அக்கா மீன் வியாபாரி. கரையில் ஏலம் எடுத்து, கூடையோடு பஸ் ஏறி, ஊர் ஊராக விற்பவர். நான் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவள்.

“ஏத்தா, படிச்சவ வீட்டுக்குள்ள ஒக்காந்து டிவியத் திட்டுனா ஆச்சா? எந்திரிச்சு வா” என்று கட்சிக்குள் இழுத்து வந்தவர் அவர்தான்.

தலைவர் உயிரோடு இருந்தபோது எங்கள் கரைக்குப் பிரச்சாரத்துக்கு வருவதாக இருந்தது. காலைக் கூட்டம். முந்தின நாளே பக்கத்து ஊரில் அவர் வேனை மறித்துவிட்டார் அக்கா.

“தலைவரே, காலையில படகு கரைக்கு வரும். பொம்பளைக பூராவும் மீனுகிட்ட நிப்பாளுக. நீங்க யாருக்குப் பேசுவீக, காக்காய்க்கா?”

தலைவர் சிரித்துவிட்டார். “சரிம்மா, நீங்க சொல்ற நேரத்துக்கே வாரேன்.”

சாயங்காலம் வந்தார். கரையில் நிற்க இடமில்லை.

பிறகு தலைவரும் போனார். இனி கட்சி எந்தப் பக்கம் போகும் என்று ஆளாளுக்குக் கேட்டோம். கடைசியில், அவர் வாழ்நாளெல்லாம் எதிர்த்தவர்களோடு கூட்டணி என்றார்கள்.

ராமநாதபுரம் செயற்குழுவில் மாவட்டச் செயலாளர் எங்களைக் கைதட்டச் சொன்னார். அவரைக் கட்சியில் ‘மாவட்டம்’ என்றுதான் கூப்பிடுவோம். எல்லோரும் தட்டினார்கள். அக்கா எழுந்தார்.

“மாவட்டம், வீடு வீடாப் போயி யாரத் திட்டி ஓட்டுக் கேட்டோமோ, இப்ப அவுகளுக்கே கேக்கணுமாக்கும்? எந்த வாய வச்சுக் கேக்க? எனக்கு இருக்கது ஒரு வாயிதான்.”

மண்டபமே சிரித்தது… மாவட்டம் சிரிக்கவில்லை.

கூட்டணி அறிமுகக் கூட்டத்தை எங்கள் கரையில் போட்டார். காலையில்! அக்கா போன் செய்து சொல்லிப் பார்த்தார். “அதெல்லாம் மேல முடிவாயிருச்சும்மா” என்று வைத்துவிட்டார்.

அன்றைக்குப் படகெல்லாம் கரையில். பெண்களெல்லாம் மீனில். பந்தலில் வெறும் நாற்காலிகள்.

புதுக் கூட்டாளிகள் முன்னால் முகம் கறுத்துப்போன மாவட்டம் மைக்கைப் பிடித்தார். “இங்க மகளிரணி விலை போயிருச்சு.”

கூடையைக் கரையிலேயே விட்டுவிட்டு ஓடி வந்து மேடைக்குக் கீழே நின்றிருந்தார் அக்கா. மறுநாள் பதவி இல்லை. அதையும் வாட்ஸ்அப்பில்தான் பார்த்தார்.

நேற்று மதியம் அதே மாவட்டம் கொடியோடு வந்தார். கூடவே போட்டோகிராபர்.

கட்சிக்காரர் இறந்தால் உடல் மேல் கொடி போர்த்துவது வழக்கம். அக்காவுக்கும் அந்த ஆசை உண்டு. அதனால் அவர் வருவதற்கு முன்பே நாங்கள் போர்த்திவிட்டோம். அக்கா வீட்டில் இருந்த கொடி. கரையிலிருந்து மீன் வாசத்தோடு வந்த பெண்கள் போர்த்திய கொடி.

“அத எடுத்துட்டு இதப் போட்டுருவோம்மா… ஒரு போட்டோவுக்கு.”

யாரும் நகரவில்லை. ஒரு ஓரத்தை நான் பிடித்துக்கொண்டேன். எதிர் ஓரத்தை அக்காவின் மகள்.

“விலை போனவ மேல என்னத்துக்குங்க கொடி?” என்று கேட்டாள் மகள்.

“அது… ஏதோ ஒரு வேகத்துல வந்துருச்சு தாயி…”

“இங்கன மைக்கு இல்ல. சத்தமாவே சொல்லுங்க. எங்கம்மா விலை போகலன்னு.”

சொல்லவில்லை. மடித்த கொடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கீழே நான் போட்டிருக்கும் படம் அதுதான். ஜூம் பண்ணிப் பாருங்கள். ஷேர் பண்ணுங்கள்.

வீட்டுக்குப் போனதும் அவர் ஃபேஸ்புக் பக்கத்தில் பதிவு: ‘அக்கா காட்டிய வழியில் கழகம் வீறுநடை போடும்.’

அப்படியா, மாவட்டம்?

உள்ளாட்சித் தேர்தல் வரட்டும். உங்கள் வேட்பாளரைக் கூட்டிக்கொண்டு எங்கள் கரைக்கு வாருங்கள். எதிரில் நான் நிற்பேன், சுயேச்சையாக. பூத்தில் என் ஏஜெண்டாக அக்காவின் மகள் உட்கார்ந்திருப்பாள்.

கட்சி எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. உங்களை எங்கே அனுப்ப வேண்டும் என்று தெரியும்.

இன்று காலை அக்காவை எடுத்தாயிற்று.

போங்கக்கா… மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்.